வில்ஃப் தோண்டாத குழி

1979 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். லாரிகள் ஓடவில்லை, தெருவில் குப்பை அள்ளவில்லை, பள்ளிக்கூடங்கள் திறக்கவில்லை. மெர்சி ஆற்றங்கரையில் ஓர் ஊரில் செத்தவர்களைப் புதைக்கவும் ஆள் இல்லை. லாரிக்காரனை நாலு நாள் திட்டிவிட்டு ஊர் மறந்துவிடும். குழி தோண்டுகிறவனை மறக்குமா?

வில்ஃப் ரிம்மர் நகரசபைக் கல்லறைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் குழி தோண்டியவர். அவர் வெட்டிய குழியின் ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். பாதிரியார் முதல் அதிகாரி வரை வாயாரப் புகழ்வார்கள். கூலியைப் பற்றிப் பேசினால் மட்டும் அந்த வாய்கள் திறக்காது.

அங்கே குழி தோண்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் வீட்டுச் சாவுக்குத் தானே தோண்ட வேண்டும், கூட்டாளிகள் மண்ணைத் தொடக் கூடாது. வில்ஃப் ஒருமுறை அப்படித் தோண்டியிருக்கிறார், ஆறு வயதில் போன மகன் கீத்துக்கு. எட்டடி ஆழம். "சின்னப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு ஆழம்?" என்று மனைவி எட்னா அழுதாள். "அவன் பெட்டிக்கு மேல உன் பெட்டிக்கு எடம் வேணாமா?" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எட்னா பத்தொன்பது வருடம் ஓட்டினாள்.

சங்கக் கூட்டத்தில், வேலைநிறுத்தம் என்றால் யாருக்கும் விதிவிலக்கு கூடாது என்று முதல் ஆளாகக் கை தூக்கியவர் வில்ஃப்தான். இரண்டாம் நாளே எதிர்வீட்டு ஹில்டா அன்ஸ்வொர்த் வந்து நின்றாள். கணவர் ஆர்த்தர் இறந்துவிட்டார்.

"ஒரே ஒரு குழி, வில்ஃப். உன்கூட சேர்ந்து புறா வளர்த்த மனுஷன்."

"ஒருத்தருக்குத் தோண்டினா ஊருக்கே தோண்டணும் ஹில்டா. தப்பா எடுத்துக்காத."

"வேற எப்படி எடுத்துக்கச் சொல்ற?"

புதைக்காத பிணங்களை வைக்க நகரசபை பிடித்திருந்த காலித் தொழிற்சாலைக்கு, எண் கட்டிய பெட்டியில், ஆர்த்தர் போனார்.

ஐந்தாம் நாள் எட்னா அடுப்படியில் விழுந்தாள். அடுப்பில் வைத்திருந்த தண்ணீர் கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும் என்று தெரு முணுமுணுத்தது. அவர் காதுபடவே முணுமுணுத்தது.

மறியல் நடந்த கல்லறைத் தோட்ட வாசலில் கூட்டாளி லென் அவரை ஓரமாக இழுத்துப் போனார்.

"நாளைக்குக் காலைல நாங்க அந்தப் பக்கம் திரும்பி டீ குடிச்சிட்டிருப்போம். நீ பாட்டுக்கு உள்ள போ. ஒருத்தனும் பாக்கல."

"ஹில்டா பாத்துருவா."

"அந்தம்மாவுக்குப் பயந்து பொண்டாட்டிய தொழிற்சாலையில போட்டு வைப்பியா?"

"அந்தம்மா புருஷனும் அங்கதான கெடக்காரு."

என்னைக் கேட்டால், அதில் பாதி நியாயம், பாதி வீம்பு. எந்தப் பாதி பெரியது என்று அவருக்கே தெரியாது.

மகள் மோரின் நாற்பது மைல் தாண்டி வந்தாள். இப்படியே நீடித்தால் பிணங்களைக் கடலில் இறக்க வேண்டிவரலாம் என்று அன்று ரேடியோவில் பேச்சு அடிபட்டது.

"அம்மாவ மீனுக்குப் போடப் போறீங்களாப்பா?"

"அதெல்லாம் சும்மா மிரட்டல். இன்னும் கொஞ்ச நாள்தான்மா. கீத் மேலதான் வைக்கப் போறேன்."

"அப்ப மண்வெட்டிய எடுங்க."

அவர் எடுக்கவில்லை. வேலைநிறுத்தம் எட்டாத தன் ஊருக்கு மோரின் அம்மாவைக் கொண்டுபோனாள். அங்கே யாரோ தோண்டிய குழி. இடது ஓரம் கோணல், அடியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் நூல் பிடித்துத் தோண்டியவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, தன் மனைவி அதற்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றே நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டதில் பாதியைக் கொடுத்தார்கள். வரிசையில் ஆர்த்தர் முன்னால் இருந்தார். வில்ஃப் அந்தக் குழியை யாருக்கும் விடாமல் தானே தோண்டினார். ஹில்டா பிளாஸ்கோடு வந்தாள். லென்னுக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிவிட்டு மூடியை இறுகத் திருகினாள்.

"எட்னாவுக்கு நீ தோண்டியிருந்தா உன் மூஞ்சில துப்பியிருப்பேன்," என்றாள். "தோண்டல. அவ என்ன பாவம் பண்ணா?"

வில்ஃப் குனிந்து ஓரத்தைச் செதுக்கினார்.

சாயங்காலம் லென் தயங்கித் தயங்கி வந்தார். "ஆபீஸ்ல கேக்கறாங்க. கீத் மேல இருக்கிற எடம் எட்னா பேர்ல இருக்காம். என்ன செய்யன்னு."

"என் பேர எழுதச் சொல்லு."

பத்தொன்பது வருடம் இருந்த பேரை அடித்துவிட்டு அவர் பேரை எழுதினார்கள். அம்மா படுக்க வேண்டிய இடத்தில் இனி அப்பா போய்ப் படுத்துக்கொள்ளலாம். எட்னா மோரின் ஊரில் தன்னந்தனியாகக் கிடக்கிறாள், கோணல் குழியில்.