சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை

என் நாத்தனார் பிச்சைக்கனி யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள். அந்தக் குணத்தால்தான் அவள் வேலை போக இருந்தது. போக வைத்தவள் நான்.

சங்கரன்கோவிலிலிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்தவள். பதினோரு வருஷமாக ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவுகிறாள். சோப்புக்குப் பிறகு ஏழு தண்ணீர், ஆறோடு நிறுத்தியதில்லை. அலசும்போது கூப்பிட்டால் திரும்பமாட்டாள், எண்ணிக்கை போய்விடுமாம். எழுத்து அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தன் மாமியாருக்கு முடியவில்லை என்று அவள் ஊருக்குப் போன வாரம், அவளுக்குப் பதில் நான் போனேன். ஆள் மாற்றி விடக்கூடாது என்பது அங்கே சட்டம். வாட்ச்மேன் சுப்பு கண்டும் காணாமல் விட்டார்.

உள்ளே கறுப்புத் திரை போட்ட ஓர் அறை. ஒரு தட்டில் சிவப்பு விளக்கு, இன்னொரு தட்டில் பச்சை விளக்கு. தட்டுக்கு நாலு குப்பி. அஸ்வதி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் கல்லாற்றுப் பாறையில் சுரண்டி எடுத்து, நாலு மாதமாக வளர்க்கும் கிருமிகள் அவை. வெளிச்சத்தைத் தின்றுதான் வாழுமாம். "தட்டைத் துடைச்சா போதும் மதினி, குப்பியில கை வைக்காதீங்க" என்று பிச்சைக்கனி சொல்லித்தான் போனாள். அஸ்வதியும் அந்த வாரம் கொச்சிக்குப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை துடைப்பதற்காக டியூப்லைட்டைப் போட்டேன். பச்சை விளக்கின் கீழே இருந்ததெல்லாம் சிவப்புத் தண்ணீர்க் குப்பி. சிவப்பு விளக்கின் கீழே இருந்ததெல்லாம் பச்சை. சாலைக் கடைத்தெருவில் இருபது வருஷம் துணி அடுக்கியவள் நான். யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று, சிவப்புக்குச் சிவப்பும் பச்சைக்குப் பச்சையுமாக அடுக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை பார்த்தால் சிவப்புக் குப்பி நிறம் மங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை தேயிலைச் சக்கை நிறம். திருப்பி வைத்தால் செத்துவிடுமோ, வைக்காவிட்டால் செத்துவிடுமோ? சனிக்கிழமை அது பாசிநிறம் ஆகிவிட்டது, பச்சை விளக்கில் நான் வைத்தது செங்கல் நிறம். திங்கட்கிழமை பிச்சைக்கனி திரும்பியபோது பச்சை விளக்கின் கீழே சிவப்பு, சிவப்பு விளக்கின் கீழே பச்சை, எல்லாம் பழையபடி. தப்பித்தேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

குப்பியின் மேல் எழுதியிருந்ததை நான் எங்கே கண்டேன்? புதன்கிழமை அஸ்வதி வந்து வாசித்தாள். எட்டுக் குப்பியும் தட்டு மாறியிருந்தன.

பிச்சைக்கனியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று சுப்புதான் ஓடிவந்து சொன்னார். யார் நகர்த்தியது என்று பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணன் மூன்று தடவை கேட்டாராம். நான் வந்து நின்றதை அவள் சொல்லவே இல்லையாம். நான் அடுக்கியதால் வந்த வினை என்று எனக்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்திருக்கும்.

வலியசாலை வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் நேரே அவர் மேசை முன்னால் நின்றேன். "நான்தான் மாத்தினேன். அவ ஊர்லயே இல்ல" என்றேன். நிறம் பார்த்து அடுக்குவது தப்பென்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆள் மாற்றியதும் குற்றம்தான் என்று அவர் எழுந்துவிட்டார். நான் நகரவில்லை.

அஸ்வதிதான் குறுக்கே வந்தாள். "அம்மா, ஏது திவசம் மாத்தினது? சரிக்கு ஓர்த்து சொல்லு."

எந்த நாள் என்று நினைவுபடுத்திப் பார்த்து, செவ்வாய் என்றேன். தேயிலைச் சக்கை, பாசி, செங்கல் என்று நாள்வாரியாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கிடைக்கிற வெளிச்சத்தைப் பிடிக்கத் தக்கபடி அந்தக் கிருமி தன் சாயத்தை மாற்றிக்கொள்ளுமாம். நாலு மாதம் ஒரே விளக்கில் கிடந்தபின் அந்த வித்தை மறந்துபோகுமா என்பதுதான் அவள் கேள்வி.

"மறந்நிட்டில்ல சார்" என்றாள் அவரிடம், மறக்கவில்லையாம். பார்த்தவர் சாட்சி மட்டும் போதாது, அளந்து காட்ட வேண்டும் என்றார் அவர். மறுபடி நாலு மாதம் வளர்க்க வேண்டும். குப்பி கழுவ ஆள் வேண்டுமே என்றாள் அஸ்வதி. அவர், பிச்சைக்கனி வரட்டும், ஆனால் இந்தம்மா இனி வாசல் மிதிக்கக் கூடாது என்றார்.

கல்லூரி வாசலில் காத்திருந்த பிச்சைக்கனியோடு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துகொண்டே, "யாரு உங்கள அங்க வரச் சொன்னா? இனிமே என் வீட்டுத் துணியைக்கூட நீங்க அடுக்க வேண்டாம் மதினி" என்றாள்.

கொடியில் அவள் சேலை காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.