பாதிச் சவரம்

என் அக்காவின் கணவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அத்தான். இருபத்தாறு வருடம் சவரக் கத்தி பிடித்தவர். தூங்குகிற குழந்தையை எழுப்பாமலே முடி வெட்டிவிடுவார். நாற்பத்தெட்டு வயதில் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது.  வாடிக்கையாளர்கள் நைசாகப் பக்கத்திலிருந்த என் நாற்காலிக்கு மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அத்தான் மூன்று வருடம் தரையைக் கூட்டினார். உடைந்த பிளேடுத் துண்டு யார் காலிலும் குத்தக் கூடாதென்று, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தால் ஒன்று விடாமல் ஒட்டி எடுத்தார்.

பிறகு அறுவை சிகிச்சை. மண்டைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள். அவை தோலுக்கடியில் கழுத்து வழியாக இறங்கி, இடது மார்பில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றில் முடிந்தன. அது அனுப்பும் மின்சாரம் நடுக்கத்தை அடக்கியது. கருவியை ஓடவிடவும் நிறுத்தவும் ஒரு ரிமோட் கொடுத்தார்கள். காந்தம் பக்கம் போகாதீர்கள் என்றும் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கும் பெரிய இயந்திரத்தைச் சொல்கிறார்கள் என்று நாங்கள் மூவருமே நினைத்துக்கொண்டோம்.

அத்தான் கடைக்குத் திரும்பிய அன்று காலையில் வழக்கம்போலத் தரையைக் கூட்டி முடித்துவிட்டு, முதல் சவரம் எனக்குத்தான் என்றார். போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா ரிமோட்டோடு பக்கத்தில் நின்றாள்.

வலது கன்னம் வழுக்கிக்கொண்டு போனது. பழைய கை. எனக்குக் கண்ணே சொருகியது. தொண்டைக்கு வந்ததும் கத்தி லேசாகத் துடித்தது. கண்ணாடியில் பார்த்தேன், அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. பேசினால் தொண்டை அசையும். எச்சில்கூட விழுங்காமல் கிடந்தேன்.

"அசையாத," என்றார் மெதுவாக.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கத்தியை விலக்கினார். நுரையில் சிவப்பு பரவியது. நல்ல வேளை, மேல்தோல்தான்.

அக்கா ரிமோட்டை அவர் மார்பில் வைத்துப் பார்த்தாள். கருவி நின்றிருந்தது. ஓடவிட்டாள், நடுக்கம் அடங்கியது. இரண்டே நிமிடத்தில் திரும்பவும் வந்தது. கருவி கெட்டுவிட்டது, மறுபடியும் மண்டையைத் திறக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். அக்கா அழுதுகொண்டே ரிமோட்டை மறுபடி வைத்தாள். அவள் வளையலில் தொங்கிய ஊக்கு சடக்கென்று அவர் சட்டைப் பையில் போய் ஒட்டிக்கொண்டது.

பைக்குள் கையை விட்டாள். ஸ்பீக்கர் காந்தம். அது பைக்குள் ஆடி ஆடிக் கருவிக்கு நேராக வரும்போதெல்லாம் கருவி நின்றிருக்கிறது. கூட்டி முடித்ததும் பையில் போட்டுக்கொள்கிற மூன்று வருடப் பழக்கம்! அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. காந்தத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் எறிந்துவிட்டு வந்து, கருவியை ஓடவிட்டாள். பத்து நிமிடம் பார்த்தோம். கை ஆடவில்லை.

அத்தான் கத்தியைக் கழுவிப் புது பிளேடு மாட்டினார். மாட்டி, மேசையிலேயே வைத்துவிட்டார்.

"மீதிய நீயே எடுத்துக்கோடா. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? நைசாக எழுந்து போயிருக்கலாம். போனால், அந்த வாடிக்கையாளர்களைத் திட்ட எனக்கு அப்புறம் என்ன யோக்கியதை இருக்கிறது?

"எனக்கும்தான் அத்தான்," என்று கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தேன். "நீங்களே எடுங்க."