பள்ளத்துக்குள் இருந்து வந்த குரல்

நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழுவில் இருக்கும் அக்கா, தங்கைகளுக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம். எனக்கு நடந்ததைச் சொல்லச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டீர்கள். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். வெட்கம் ஒரு காரணம். அசதி இன்னொரு காரணம்.

என் பெயர் சிவகாமி. ஊர் திருவாதவூர். தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்து நான்கு. நான்கு வருடத்துக்கு முன்பு என் கண் போனது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் சாயங்காலம் தெரியவில்லை, பிறகு பக்கவாட்டில் தெரியவில்லை, கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சியது. விழித்திரை காய்ந்துவிட்டது, இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் நம்பவில்லை. அம்பாளிடம் போனேன். மீன் தன் முட்டையைப் பார்த்துப் பார்த்தே பொரிக்குமாம். அப்படிப் பார்வையாலேயே உலகத்தைக் காப்பவள் என்றுதானே மீனாட்சியைச் சொல்கிறோம்? அவள் சன்னதியில் நின்று சண்டை போட்டேன். ஊரையெல்லாம் கண்ணால் காப்பவளுக்கு என் ரெண்டு கண்ணைக் காக்க முடியவில்லையா என்று கேட்டேன்.

அலுவலகத்தில் விஷயம் தெரியும். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதியை வைத்து வேலையைச் செய்துவிடுவேன். ஆனால் ஊருக்குத் தெரியாது. என் நாத்தனார்தான் முதலில் சொன்னாள். "வெளிய சொல்லிறாதீங்க மதினி. நாளைக்கு நம்ம பொண்ணைக் கேட்டு வாரவங்க யோசிப்பாங்க." என் மகள் அப்போதுதான் காலேஜ் சேர்ந்திருந்தாள். நாத்தனார் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. அதனால் மறைத்தேன். காலையில் என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிப் போவார். நடக்கும்போது அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். இந்த வயதிலும் என்ன அன்னியோன்யம் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று இருந்தேன்.

போன வருடம் ஆனி மாதம் அவருக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகியது. இனி வண்டியையே தொடக்கூடாது என்றுவிட்டார்கள். அவர் வேலைக்கும் போக முடியவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். தனியாகப் போய்வர முடிந்தால் வேலை நிற்கும், இல்லையென்றால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். எழுதியும் வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடும் இடத்தை மகள் என் விரலைப் பிடித்துக் காட்டினாள். அன்று நான் அழவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ஒரு முயற்சி செய்வோம் என்று, பார்வையில்லாதவர்களுக்குப் பயிற்சி தரும் ஓர் இடத்துக்குப் பத்து நாள் போனேன். கற்றுக்கொடுத்த சாருக்கும் பார்வை கிடையாது. வழி சொல்லும் செயலியை என் போனில் போட்டுக்கொடுத்து, ஒரு மடக்குக் கோலையும் கையில் கொடுத்தார். "போன் தெருவைச் சொல்லும். குச்சி தரையைச் சொல்லும். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை நம்பாதீங்க" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, கோலை மடக்கிப் பைக்குள் வைத்தேன். வெள்ளைக் கோலை எடுத்து நடந்தால் உலகத்துக்கே தெரிந்துவிடுமே.

ஆடி மாதம் தனியாகப் போக ஆரம்பித்தேன். எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்தையும் பெயர் சொல்லிக் கத்துவார், அதைக் கேட்டு இறங்கிவிடுவேன். அங்கிருந்து அலுவலகம், கண் இருந்தால் ஏழு நிமிட நடை. ஒரு காதில் மட்டும் இயர்போன். 'நாற்பது மீட்டர் நேராகச் செல்லவும், பிறகு வலதுபுறம் திரும்பவும்' என்று போன் சொல்லும். நான் காம்பவுண்டுச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே மெல்ல நகருவேன். ஒரு நாள் யாரோ ஒரு பெண், "என்னக்கா, கால் வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம் அதுவே நல்ல சாக்காகிவிட்டது. கால் வலிக்காரி மாதிரி கொஞ்சம் நொண்டியே நடந்தேன். ஏழு நிமிடம் இருபத்தைந்து நிமிடமானது. அலுவலகம் போய் உட்காரும்போது சேலை முதுகோடு ஒட்டியிருக்கும். நான்கு நாள் இப்படியே ஓடியது.

ஐந்தாம் நாள் ஆடி வெள்ளி. பஸ்ஸில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். "இன்னிக்கும் யாருக்கும் தெரியாம என்னைக் கொண்டு போய்ச் சேத்துரு, தாயே." மூன்று வருடமாக என் வேண்டுதலில் ஏதோ ஒரு மூலையில் இந்த 'யாருக்கும் தெரியாமல்' இருந்துகொண்டே இருந்தது.

இறங்கினேன். ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சுவரைப் பிடித்து நடந்தேன். போன் நேராகச் செல்லவும் என்றது, சென்றேன். மறுபடியும் நேராகச் செல்லவும் என்றது. வலது காலைத் தூக்கியபோது என் காலுக்குக் கீழே இருந்து ஒரு ஆள் கத்தினார்.

"நில்லும்மா. நில்லு. கால வைக்காத."

நின்றேன். இடது கால் விரலுக்கடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அது எங்கோ ஆழத்தில் போய் விழுகிற சத்தம் கேட்டது. குரல் மறுபடி வந்தது.

"நான் இங்கன குழிக்குள்ள நிக்கிறேன். நீ பாட்டுக்கு என் தலை மேல வாரயே. அம்புட்டுப் பெரிய வேப்பங்கொப்பை நட்டு வச்சிருக்கேன், தெரியலையா?"

கேபிள் பதிக்கத் தோண்டிய பள்ளம். நம் பக்கம் ரோட்டில் குழி தோண்டினால் ஒரு மரக்கிளையை ஒடித்து நட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து வண்டிகள் ஒதுங்கிப் போகும். எல்லோருக்கும் புரிகிற அடையாளம் அது. என் ஒருத்திக்கு அது இல்லை. கால் வலி என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் கால் வலிக்காரிக்குக் கொப்பு தெரியாமல் போகுமா? ஒளித்து ஒளித்து அலுத்துப் போயிருந்தேன்.

"தெரியலண்ணே. எனக்குக் கண்ணு தெரியாது" என்றேன்.

அலுவலகத்தையும் பயிற்சி இடத்தையும் விட்டால், மூன்று வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் பேச்சில் மரியாதை வந்திருந்தது. "அசையாதீங்கம்மா. அப்படியே நில்லுங்க. மேல வாரேன்." ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார். கையைப் பிடித்து இழுக்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். கையில் குச்சி வைத்துக்கொள்ள மாட்டீர்களா என்றார். பையில் இருக்கிறது என்றேன்.

"அதை எடுங்கம்மா முதல்ல. நாங்க நட்ட கொப்பு உங்களுக்குத் தெரியாது. உங்க கையில குச்சி இருந்தா நாங்களாச்சும் பாத்து ஒதுங்கிக்கிடுவோம்ல?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நடுரோட்டில் நின்று அழுதேன். கோலை எடுத்து விரித்தேன். பள்ளத்தைச் சுற்றி என்னைக் கூட்டி வந்து, மறுபடி சுவரோரம் விட்டார். பெயர் கேட்டேன். கருப்பையா, கொட்டாம்பட்டிப் பக்கம் என்றார். அங்கிருந்து போன் தெருவைச் சொல்ல, கோல் தரையைச் சொல்ல, நொண்டாமல் நடந்து போனேன்.

இதைக் கேட்ட சிலர், வந்தது கருப்பசாமியேதான் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மேல் பீடி வாசம் அடித்தது. மனுஷர்தான். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் ஒரு மனுஷரை அம்பாள் நிறுத்தி வைத்திருந்தாள், அதுவே எனக்குப் போதும். கொண்டு போய்ச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் என்று கேட்டதை மட்டும் காதில் விழாத மாதிரி விட்டுவிட்டாள். கெட்டிக்காரி.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் ஊர்த் தெருவிலும் கோலைத் தட்டிக்கொண்டே நடந்தேன். பேச்சுச் சத்தம் ஒவ்வொரு வாசலாக நின்றது. நாத்தனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மகள்தான், "மறைச்சுக் கட்டிக் குடுத்தா மட்டும் நான் நல்லாருப்பேனாம்மா?" என்று கேட்டாள். விருப்ப ஓய்வுக் கடிதத்தை அவளையே கிழிக்கச் சொன்னேன்.

கடைசியில் எனக்குப் பார்வை வந்தது என்று சொல்வேன் என நீங்கள் காத்திருக்கலாம். வரவில்லை. இப்போதும் நடைபாதையில் நிறுத்திய வண்டிகளில் முழங்கால் இடிக்கிறது. அலுவலகத்துக்குப் பதினைந்து அடி முன்னாலேயே 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று போன் சொல்லிவிடுகிறது. சில நாள் வீடு வந்ததும் சாப்பிடாமலேயே படுத்துவிடுகிறேன். ஆனால் வழி தெரியாத இடத்தில் நின்று கேட்கிறேன். கேட்டால் யாராவது வருகிறார்கள். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

உங்களில் எத்தனை பேர் எதை எதை மறைத்துக்கொண்டு சன்னதியில் நிற்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. வியாதியோ, குடிகாரப் புருஷனோ, எதுவாகவும் இருக்கட்டும். இல்லாததை இல்லை என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் நிற்கிற மனுஷரிடமும் சொல்லுங்கள். அவள் உதவி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. நான் கண்டதைச் சொல்கிறேன்.

உடம்பு அசதியாகத்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் எட்டேகால் பஸ். போய்விடுவேன்.