தொண்ணூறு மயிலிறகு கிளிப்புகள்

நான் வரைந்த ஒரு பொருளை முகம் தெரியாத யாரோ தன் வீட்டு முப்பரிமாண பிரிண்டரில் அச்சடித்துப் படம் போட்டால் எனக்குத் தலைகால் புரியாது. முதல் படம் வந்த அன்று பொங்கோல் எல்ஆர்டி ரயிலிலிருந்து இறங்க மறந்து, முழுதாக ஒரு சுற்றுப் போய் வந்தேன்.

அது ஒரு சின்ன கிளிப். என் அண்ணன் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன். வில்லாக வளைத்த அலுமினியக் குழாய், அதன் நெடுக மயிலிறகு. வருடா வருடம் இறகுகளை நூலால் கட்டி, பசை ஊற்றி, திருவிழா முடிந்ததும் பிய்த்து எறிவோம். போன வருடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. காலிப்பர் அளவியால் குழாயை அளந்தேன், கணினியில் வரைந்தேன், அச்சடித்தேன். டக்கென்று குழாயைக் கவ்வி, மூன்று இறகுகளைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே கோப்பை எங்கள் குழுவின் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். வீட்டில் பிரிண்டர் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத சிங்கப்பூர்க்காரர்களின் குழு அது; வரைவதையெல்லாம் இலவசமாகப் பகிர்ந்துகொள்வோம். ஒருவர் என் கிளிப்பை சைக்கிளில் மாட்டிக் குடை செருகியிருந்தார். துள்ளிக் குதித்தேன்.

இந்த வருடம், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு காலை ஒரு செய்தி வந்தது. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பக்கம், வசிக்கும் ஓர் அண்ணன். முதல்முறையாகக் காவடி எடுக்கிறார். ஒரு வாரமாகப் பிரிண்டரை ஓட்டி என் கிளிப்பைத் தொண்ணூறு அடித்திருக்கிறார். கூடவே ஒரு வீடியோ: காவடியைத் தூக்கியதும் எல்லாக் கிளிப்பும் ஒன்றாகச் சுழன்று, இறகுகள் மழையில் நனைந்த கோழி மாதிரி தொங்கின.

பதறிப்போய் அழைத்தேன். "அண்ணே, உங்க குழாய் சைஸ் என்ன?"

"இருபத்தஞ்சு மில்லி. நீங்க குழுவுல போட்டிருந்தீங்களே, உங்க அண்ணன் வாங்குன அதே கடைதான் மா."

அதே குழாய் எப்படிப் பொருந்தாமல் போகும்? சாமான் அறைக்கு ஓடி எங்கள் காவடியைத் தொட்டுப் பார்த்தேன். வெல்வெட். குழாய் முழுக்கச் சிவப்பு வெல்வெட் சுற்றியிருந்தது. நான் குழாயை அளக்கவில்லை. துணியோடு சேர்த்து அளந்திருக்கிறேன். குழுவின் பக்கத்திலும் துணியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

"நீங்களும் துணி சுத்த முடியாதா அண்ணே?"

"அலங்காரத் தட்டெல்லாம் கட்டியாச்சு மா. அவுத்தா திரும்பக் கட்ட ரெண்டு நாள் ஆகும். நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்துட்டேன். நாளைக்குக் காலையில லாரி வருது."

ஒரு கிளிப்புக்கு அரை மணி நேரம். தொண்ணூறுக்கு நாற்பத்தைந்து மணி. ஒரு பிரிண்டரால் ஆகாது.

முதலில் சரியான அளவு வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து எங்கள் காவடியின் வெல்வெட்டில் ஒரு விரல் நீளம் வெட்டினேன். என் அண்ணன் பல் துலக்கியபடியே ஓடி வந்தான்.

"ஏய்! என்னடி பண்ற? நாளன்னைக்குத் தூக்கணும்டி!"

"குழாய் வேணும்டா, வெறும் குழாய்."

"உன் எஞ்சினியரிங்க என் காவடியிலதான் காட்டணுமா?"

திட்டிக்கொண்டே காவடியைச் சாய்த்துப் பிடித்தான். இரண்டு மில்லி குறைத்து வரைந்தேன். அரை மணியில் புதுக் கிளிப் வெறும் குழாயைக் கவ்வியது. நான் இழுத்தும் நகரவில்லை. அண்ணன் இழுத்தும் நகரவில்லை.

உடனே குழுவில் எழுதினேன்: என் தவறு, துணிமேல் அளந்துவிட்டேன், புதுக் கோப்பு இதோ, இன்று மாலைக்குள் தொண்ணூறு வேண்டும், யாரால் எத்தனை அடிக்க முடியும்? அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அது டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கிளமெண்டியில் படிக்கும் இருவர், ஒரு மலாய் அக்கா, சாங்கி விமான நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு சீன அங்கிள்... என் வீட்டையும் சேர்த்து ஒன்பது வீடுகள், ஆளுக்குப் பத்து!

சீன அங்கிளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். இது சாமி காரியம், அச்சடிக்கும்போது தான் சைவமாக இருக்க வேண்டுமா? தேக்கா அண்ணனிடமே கேட்டேன். அவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "மெஷின் கோழி தின்னாமப் பாத்துக்கச் சொல்லு லா, போதும்." அப்படியே சொன்னேன். இருந்தாலும் அங்கிள் மதியம் சைவ மீஹூன் நூடுல்ஸ்தான் சாப்பிட்டாராம். தட்டைப் படமெடுத்து அனுப்பினார்.

ஐந்து மணிக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் ஒவ்வொருவராகப் பையோடு வந்தார்கள். திரையில் பெயராக மட்டும் தெரிந்தவர்களுக்கு முகம் வந்தது. மலாய் அக்காவின் பத்தும் இளஞ்சிவப்பு. வீட்டில் அந்த நிறப் பிரிண்டர் இழைதான் மிச்சமாம். கொடுத்துவிட்டுப் போக வந்தவர்கள் யாரும் போகவில்லை. கூட்டமாகவே தேக்கா அண்ணனின் அடுக்குமாடி புளோக்குக்கு நடந்தோம்.

கீழ்த்தளத்தில் காவடி நின்றது. பழையதை நாங்கள் கழற்ற, புதியதை அவர் மாட்டினார். டக். டக். டக். இளஞ்சிவப்பைப் பின்பக்கம் ஒளிக்கலாம் என்றேன். "ஏன் மா? முன்னாடி வை, நல்லாத்தானே இருக்கு" என்றார்.

தொண்ணூறாவதும் ஏறியது. குனிந்து, காவடியைத் தோளில் வாங்கினார். மெல்ல ஒரு சுற்று. பிறகு கால் மாற்றி ஆடி, வேகமாக இன்னொன்று. இறகுகள் காற்றில் சிலிர்த்தன. கிளிப் ஒன்றுகூடத் திரும்பவில்லை. நான் கத்தியே விட்டேன். சீன அங்கிள் தன் பத்து எது என்று கண்டுபிடிக்கக் காவடிக்கு அடியிலேயே புகுந்துவிட்டார்.

"அங்கிள், தள்ளுங்க லா!" என்றார் தேக்கா அண்ணன், மூச்சு வாங்க. "இன்னொரு சுத்து இருக்கு."