உப்புக் குவியலின் முன் நீலப் புகை

என் பழைய காரில் வாராவாரம் இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன்; ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அப்படியென்றால் உள்ளே எரிகிறது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும் சார். இன்ஜினை இறக்கணும்" என்றார் மெக்கானிக் யூசுப் பாய். அந்தச் செலவு காரின் விலையையே தாண்டிவிடும்.

"காயலாங்கடைக்குப் போட்டுடலாங்க" என்றாள் மனைவி சுமதி.

எனக்கு மனம் வரவில்லை. ரிங் தேய்ந்திருந்தால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகை வர வேண்டும். தெருவில் வைத்துப் பார்த்தால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. அதனால் ஒருநாள் மாலையே காரை எங்கள் உப்பளத்துக்குக் கொண்டுபோய், புகையின் நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று, பின்பக்கம் வெள்ளை உப்புக் குவியலைப் பார்க்கும்படி நிறுத்தினேன். இரவெல்லாம் நின்று இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. மறுநாள் காலையில் பாயும் சுமதியும் பக்கத்தில் நிற்க, ஸ்டார்ட் செய்தேன்.

"ஐயோ, நீலமா வருதுங்க!" என்று சுமதி கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் புகை அடங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தேன். புகையே இல்லை.

"ரிங் இல்ல பாய்!" என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். "ஆமா சார், வால்வு சீல்தான். வண்டி நிக்கும்போது ஆயில் கசிஞ்சி எறங்குது, ஸ்டார்ட் பண்ணா எரியுது. இன்ஜினை இறக்கவே வேணாம்!"

அந்தச் சிறிய ரப்பர் சீல்களை மாற்றிய மறுநாள் காலை, அதே குவியலின் முன் மறுபடி ஸ்டார்ட் செய்தேன். கண்கூசும் வெள்ளை மட்டுமே தெரிந்தது.

"எறங்குங்க, நான் ஓட்டுறேன்" என்றாள், காயலாங்கடைக்கு வழி சொன்னவள்.

விற்கிற சரக்காகவே நான் பார்த்துவந்த உப்பு, அன்று என் காரைக் காப்பாற்றித் தந்தது. இப்போதும் அந்தக் குவியலைத் தாண்டும்போது ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுத்தான் போகிறேன்.