அக்கா எழுதின திதிக் கணக்கு

நெல்லியடியிலை ஒரு கடைக்கு மேல்மாடியிலை எங்கடை கந்தோர். அண்ணை, அவரின்ரை மனுசி, நான், மூண்டு பேர்தான் அங்கை வேலை. மனுசியை நான் அக்கா எண்டு கூப்பிடுறது. செத்தவையின்ரை திதி இந்த வருசம் எந்த நாளிலை வருகுது எண்டு கணிச்சு, குடும்பத்துக்கு முன்கூட்டியே போனிலை அறிவிக்கிற மென்பொருள் எங்கடையது. கனடாவிலையும் லண்டனிலையும் இருக்கிற சனம் இதை நம்பித்தான் விரதம் பிடிக்குது. திதி பாக்கிற கணக்கு முழுக்க அக்கா எழுதினது.

போன வருசம் அக்கா கான்சர் வந்து செத்துப்போனா.

அவ கணக்கை எழுதின பைதன் கணினிமொழியின்ரை பதிப்பு பழசு. இனி அதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது எண்டு அறிவிச்சாச்சு. புதுசுக்கு மாறுவம் எண்டு நான் கேட்டா, "பொறு, மற்றவை எழுதி நாங்கள் பாவிக்கிற நிரல் லைப்ரரியள் அதிலை இன்னும் சரியா ஓடேல்லை" எண்டார் அண்ணை. அது நியாயம். அவசரப்பட்டு மாறி அடிவாங்கினவையை நானும் கண்டிருக்கிறன். லைப்ரரியள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, "ஆட்டைத் திவசம் முடியட்டும், அதுவரைக்கும் புதுசா ஒண்டும் துவங்கக்கூடாது" எண்டார். செத்தவீடு நடந்தா, முதல் வருசத் திவசம் முடியும்வரைக்கும் வீட்டிலை நல்ல காரியம் செய்யிறேல்லைத்தான். அதுக்காகக் கம்பியூட்டருக்கும் துடக்கு தீட்டு இருக்கோ? கண்டறியாத சாட்டு எண்டு மனசுக்குள்ளை புறுபுறுத்தன்.

பிறகு எங்கடை மென்பொருள் ஓடுற சேர்வரை வைச்சிருக்கிற கொம்பனி, மாதக் கடைசியோடை பழைய பதிப்பை நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்சுது. திவசம் அதுக்கும் பிறகுதான் வருகுது. எனக்குப் பொறுக்கேல்லை.

"அண்ணை, உது நிண்டா எத்தினை பிள்ளையள் தாய் தேப்பனின்ரை திதியைத் தவறவிடப்போகுதுகள்? அக்கா இருந்தா எப்பவோ மாத்தியிருப்பா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சன். அண்ணை அக்கா எழுதின கணக்கைத் திரையிலை திறந்தார்.

"ஓம், மாத்தியிருப்பா. ஆனா புதுசிலை அவ எழுதினதிலை பாதி ஓடாது. அழிச்செழுதவேணும். அவ அடிச்ச வரியளை நான் என்னெண்டு அழிக்கிறது?"

இந்த மனுசன் இவ்வளவு நாளும் இதைத்தான் வெளியிலை சொல்லேலாமல் திரிஞ்சிருக்கிறார். நானே எழுதிறன், நீங்கள் பாக்கவேண்டாம் எண்டு சொன்னன்.

எழுதி முடிச்சு, பழசையும் புதுசையும் இரண்டு திரையிலை பக்கத்திலை பக்கத்திலை ஓடவிட்டன். பட்டியலிலை இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இரண்டும் ஒரே நாளைக் காட்டினாத்தான் மாறலாம். காட்டிச்சுது. அப்பவும் அண்ணை ஓம் சொல்லேல்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்க்கத் துணியாத பெயரை அடிச்சார். அக்காவின்ரை பெயர். பிறகு அவ செத்த நாள், நேரம்.

இரண்டு திரையிலையும் ஆட்டைத் திவசம் ஒரே நாளிலை வந்துது. அவர் புதுசைப் பாக்கேல்லை. அக்காவின்ரை கணக்கு அக்காவுக்கே நாள் சொன்ன அந்தப் பழைய திரையைத்தான் பாத்துக்கொண்டிருந்தார்.

"அவ பிழை விடேல்லை," எண்டார். "சரி, இனிப் பழசை நிப்பாட்டு."