முனியாண்டி கோயில் வரை போகும் மோட்டார்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டார் சைக்கிளை யாரும் என் தலையில் கட்டவில்லை. மூன்று வாரம் அலைந்து, குனிந்து, முகர்ந்து, உதைத்துப் பார்த்து நானேதான் பொறுக்கி எடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ரசீது வாங்கிக்கொண்டு செய்தவன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இறந்து வெகு நாளாயிற்று. அம்மா அதே தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். வருடக் கடைசியில் அவளுக்கு ஐம்பத்தைந்து முடிகிறது, வேலையும் முடிகிறது. லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் எங்கள் வீடு, அது தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஓர் ஆளாவது பெரட்டில் பெயர் கொடுக்கும்வரைதான் அதில் இருக்கலாம். பெரட்டு என்பது விடியுமுன் ஆபீஸ் வாசலில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. ஐந்தேகாலுக்குத் தொங்கவிட்ட இரும்புத் துண்டில் மணி அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் பிறந்தேனாம், அம்மா பெருமையாகச் சொல்வாள். எனக்கு அதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

எங்கள் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தால் செம்பனை மரங்கள் வரிசையாக நிற்கும். நேராகப் பார்த்தாலும் வரிசை, சாய்ந்து பார்த்தாலும் வரிசை. கண் எங்கே தப்பி ஓடினாலும் ஒரு வரிசை வந்து பிடித்துக்கொள்ளும். அந்த வரிசைக்குள்ளேயே நானும் கிழவனாகிவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கோலாலம்பூர் வேண்டாம், சிங்கப்பூர் வேண்டாம், ஆற்றைத் தாண்டினால் போதும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாசிர் பெனம்பாங்கில், மீன் படகுகளுக்கு ஐஸ்கட்டி செய்யும் ஆலை ஒன்று இருந்தது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் நம்மவர். குலை தூக்கிக் காய்த்துப்போன என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி வந்துரு. ஆறு மணிக்கு மெஷின் முன்னால நிக்கணும். ஆறு அஞ்சுக்கு வந்தா அங்க வேற ஆளு நிப்பான்” என்றார்.

எங்கள் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு மூன்று மைல். அங்கே முதல் பஸ் ஆறரைக்குத்தான் வரும். ஆகவே மோட்டார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை கிடைத்துவிட்டால் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து முடிவதற்குள் ஆலைப் பக்கம், புக்கிட் பெலிம்பிங்கில், ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்துவிடலாம். அம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் முதல் முட்டாள்தனம்.

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் என் கூட்டாளி ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டவுனில் பழைய மோட்டார் விற்கும் சீன முதலாளி, நாங்கள் தௌக்கே என்போம், அவர் கடைக்குப் போனேன். என் கைக்கு எட்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, நாங்கள் கப்சாய் என்று கூப்பிடும் சின்ன மோட்டார். முன்னால் கூடை, கால் நனையாமல் இருக்க மறைப்பு, பிடிப்பதற்குக் கிளட்ச் கூடக் கிடையாது. ஓர் ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டி, ஞாயிறுதோறும் துடைத்து வைத்தது. மற்றது ஸ்கிரேம்ளர். தாரிலும் போகும், சகதியிலும் போகும் இனம். நெட்டைக் கால், மஞ்சள் டாங்கி, பல் பல்லான டயர். முன் மட்கார்டு சக்கரத்தை ஒட்டாமல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதைப் பார்த்ததுமே எனக்குக் கப்சாய் கண்ணில் படவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கையைப் பிடித்துப்போனவன் மாதிரி, பேச்சுக் கொடுத்தது ஒன்றிடம், பார்வை இன்னொன்றின் மேல்.

பழைய வண்டி வாங்குவதில் நாங்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. இஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே தௌக்கே அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். சூடான இஞ்சின் யார் உதைத்தாலும் கிளம்பும். “ஆறட்டும் தௌக்கே, நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்” என்று எதிரே தமிழ் முஸ்லிம் நடத்தும் மாமாக் கடையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். திரும்பி வந்து குளிர்ந்த இஞ்சினை உதைத்தேன். இரண்டாம் உதையில் கிளம்பியது. கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று விரலால் தடவினேன். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினேன். செயின் பல் தேய்ந்து கூர்மையாகியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் லயத்துக்காரர்களோடு பழகிப் பழகித் தௌக்கே நன்றாகவே தமிழ் பேசுவார். “எந்த ரோட்டுல ஓட்றது?” என்று கேட்டார்.

“பாசிர் பெனம்பாங். வேலைக்கு.”

“அப்ப சின்னது எடு லா. தார் ரோட்டுல இந்த டயர் சீக்கிரம் தேஞ்சிரும். எண்ணெயும் ரொம்பக் குடிக்கும்.”

விலை கூடினதை விட்டுவிட்டுக் குறைந்ததை எடுக்கச் சொல்கிறாரே, கப்சாயில் ஏதோ கோளாறு, அதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான யோசனையைச் சந்தேகப்பட்டு உதறினேன்.

ஆனால் முடிவு அங்கே ஆகவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிளோ, மோட்டாரோ, தோட்டத்து டிராக்டரோ, புதிதாக எது வந்தாலும் முதலில் முனியாண்டி கோயிலுக்குப் போக வேண்டும். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, அதன் பிறகுதான் மற்ற பயணம். காட்டாமல் ஓட்டினால் முனி தள்ளிவிடுவார். கோயில் இருப்பதோ குலை வெட்டும் பகுதிகளிலேயே கடைக்கோடி வெட்டுக்காட்டில், ஆற்றங்கரை மேட்டை ஒட்டி. வழி முழுக்கச் சாம்பல் நிறக் களிமண். மழை பெய்தால் மாடுகூடத் தயங்கி நிற்கும். அதனால் நான் மோட்டார் பார்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து லயத்தில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “முனியாண்டி கோயில் வரைக்கும் போகுமாடா?” பாசிர் பெனம்பாங் வரைக்கும் போகுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்டாளியைக் கடையில் பிணையாக உட்கார வைத்துவிட்டு, இரண்டு வண்டியையும் ஒவ்வொன்றாகத் தோட்டம் வரை ஓட்டிப் பார்த்தேன். முந்தின நாள் மழை. கப்சாய் கோயில் வழியில் அரை மைல் போனது. களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஏறி அடைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை. குச்சியால் மண்ணைக் குடைந்து எடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஸ்கிரேம்ளர் களிமண்ணை இரண்டு பக்கமும் வாரி எறிந்துகொண்டு போனது. வாங்காத வண்டியைச் சாமிக்குக் காட்டக் கூடாது என்று கோயில் தெரிந்த இடத்தில் திரும்பினேன். முதுகெல்லாம் சேறு, வாயெல்லாம் பல். அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின ஞாயிறு பூசை வைத்தோம். வெள்ளிக்கிழமையிலிருந்து விடாத மழை அன்று காலைதான் கொஞ்சம் விட்டிருந்தது. அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, பூசைக் கூடையை மடியில் வைத்து, அந்த உயரமான வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஏற்றுவதற்கு முக்காலி தேவைப்பட்டது. “ஒட்டகம் வாங்கியிருக்கான் பாரு” என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். களிமண்ணில் வண்டி வழுக்கியபோதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு “முனியாண்டி, முனியாண்டி” என்றாள். கோயிலில் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கினேன். சூடம் காட்டினோம். நான் ஆற்றைப் பார்த்து, நாளைக்கல்ல, மறுநாள் அந்தப் பக்கம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அம்மா கண்ணை மூடி வெகு நேரம் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் வேண்டுகிறாள் என்று நினைத்தேன். எனக்காகத்தான் வேண்டினாள்.

திரும்பும் வழியில் சின்ன துரையின் ஜீப் களிமண்ணில் வயிறுவரை இறங்கிக் கிடந்தது. தோட்டத்து உதவி மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் பாண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் குடையோடு ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி. கொஞ்சம் தள்ளி, பழம் ஏற்றிய லோரி ஒன்றும் சாய்ந்து நின்றது. வெட்டிய பழம் அன்றைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். சின்ன துரை என் வண்டியைப் பார்த்தார். அது வந்த வழியைப் பார்த்தார்.

“டிராக்டர் டிரைவர கூட்டிக்கிட்டு வர முடியுமா?” என்று கேட்டார்.

முடியுமாவா? அம்மாவை ஜீப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் பறந்தேன். கூட்டாளியை எழுப்பினேன், டிராக்டரைக் கிளப்ப வைத்தேன், சங்கிலி போதவில்லை என்று மறுபடி ஓடினேன், பலகை வேண்டும் என்று இன்னொரு முறை. மூன்று தடவை அந்தக் களிமண்ணில் போய் வந்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தோட்டத்தில் நான் சந்தோஷமாக இருந்த ஒரே காலைப்பொழுது அதுதான்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கோயில் பக்கத்து வெட்டுக்காட்டுக்கு என்னை மண்டோராக, ஆட்களை மேய்க்கும் கங்காணியாக, போட்டிருக்கிறார்களாம். மழைக்காலத்தில் அங்கே போய்ப் பார்க்க ஆள் இல்லாமல் இருந்ததாம், இப்போது வண்டியோடு ஓர் ஆள் கிடைத்துவிட்டானாம். மாதச் சம்பளம், பெட்ரோல் ஸ்டோரிலிருந்து. அம்மா நின்ற பிறகு வீடு என் பெயருக்கு மாறும்.

“ஒண்ணாந் தேதியிலருந்து” என்றார்.

“என்னையக் கேக்கவே இல்லையே” என்றேன்.

கிராணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். “ஒங்க அம்மாகிட்ட துரை நேத்தே கேட்டுட்டாரேப்பா. நீ டிராக்டர் கூப்பிடப் போயிருந்தப்ப. ‘செய்வான்யா, என் புள்ள செய்வான்’னு அவங்கதான் சொன்னாங்க.”

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா மருந்தடிக்கிற உடுப்போடு வாசலில் காத்திருந்தாள். வண்டியை அவள் முன்னால் நிறுத்தினேன். “யாரக் கேட்டு வாக்குக் குடுத்த?” என்று கத்தினேன். அவளிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை.

“முனியாண்டி கண்ணு தொறந்துட்டாருடா” என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “வாடகை வீட்டுல, தெரியாத சனத்துக்கு மத்தியில, நான் என்னடா பண்ணுவேன்? எனக்கு இந்த வீட்ட விட்டா வேற எடம் தெரியாதுடா தம்பி” என்றாள். அதோடு சேலைத் தலைப்பால் என் வண்டி டாங்கியில் காய்ந்திருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் நான் என்ன கத்துவது? எனக்கு அழுகை வந்தது. அவள் மேல் பாதிக் கோபம், மிச்சமெல்லாம் என் மேல்தான். ஓடிப்போகப் பொறுக்கிய வண்டியை எந்த மண்ணில் ஓட்டிப் பார்த்தேன் நான்? மூன்று மைல் செம்மண் சாலை, அதற்கப்புறம் தார். கப்சாய் தாராளமாகப் போயிருக்கும். கப்சாயில் வந்திருந்தால் கோயில் வழியில் நானும் ஜீப்புக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருப்பேன். துரை என்னைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஒன்றாம் தேதி மணி அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. லயத்து முச்சந்தியில் இடது பக்கம் ஆபீஸ், வலது பக்கம் பெரிய சாலை. வண்டியை ஓடவிட்டபடி அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ஆறு மணிக்கு ஐஸ் மெஷின் முன்னால் வேறு யாரோ நிற்பான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். இடது பக்கம் திருப்பினேன்.

ஐந்து வருடம் கழித்துத் தோட்டமே ஒரு மோட்டார் கொடுத்தது. என்னுடையதைத் துடைத்து அதே தௌக்கேயிடம் விற்கக் கொண்டுபோனேன். அவர் இஞ்சினைத் தொட்டுப் பார்க்கவில்லை, குனிந்து மீட்டரைப் பார்த்தார். தூரம் காட்டும் எண்கள் ஒரு சுற்று முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தன. அவர் முகம் மலர்ந்தது.

“ரொம்பத் தூரம் போயிருக்கியே லா! எங்கெங்க போன?”

“முனியாண்டி கோயிலுக்கு” என்றேன்.